இரண்டாவது பிரேக்

என் அண்ணனுக்குப் பூனைக்கால் என்று பட்டப்பெயர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவன் தொழில். அவனுடைய பயிற்சிக் காரில் ஆசிரியர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் ஆசிரியர் அதை மிதிப்பார். இரண்டு பிரேக்குக்கும் நடுவில் ஒரு கம்பி ஓடுவதால் ஒன்று அழுந்தினால் மற்றதும் அழுந்தும். மற்ற ஆசிரியர்கள் மிதித்தால் கார் குலுங்கும், தலை முன்னால் போய் வரும், கூடவே நாலு திட்டும் விழும். என் அண்ணன் மிதித்தால் யாருக்கும் தெரியாது. நாமே வேகத்தைக் குறைத்த மாதிரி இருக்கும்.

அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை. "கத்திப் பயமுறுத்தினா யாருக்கும் ஓட்ட வராது. கால்லதான் பேசணும்" என்பான். அவனிடம் கற்ற யாரும் தேர்வில் தவறியதே இல்லை. தேர்வு நாளிலும் அதே கார்தான், பக்கத்தில் அவன்தான். அதிகாரி பின்சீட்டில் உட்கார்ந்து மார்க் போடுவார். ஊரில் பாதிப் பேர் அப்படிப் பாஸானவர்கள். சிக்னலில் நின்றால் நாலு பக்கமிருந்தும் கண்ணாடியை இறக்கி "சார்!" என்று கையாட்டுவார்கள்.

எனக்கும் அவன்தான் கற்றுக்கொடுத்தான். முதல் தடவையே பாஸ். சொந்தமாகக் கார் வாங்கி முதன்முதலாக வெளியே எடுத்த காலையில், தைரியத்துக்கு அவனையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

நல்ல வெயில், ரோடும் காலி. ஆஸ்பத்திரி முக்கில் நான் திரும்ப வேண்டும். எனக்குச் சற்று முன்னால் ஓரமாக ஒருத்தர் சைக்கிளில் நேராகப் போய்க்கொண்டிருந்தார். பூட்டு ரிப்பேர் செய்து, மாற்றுச்சாவி போட்டுக் கொடுக்கிறவர். பின்னால் மரப்பெட்டி, பெட்டியைச் சுற்றி வளையம் வளையமாகச் சாவிகள். அவை கலகலவென்று ஆடிக்கொண்டிருந்தன. அவரை நான் பார்த்தேன். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பார்த்தேன். பார்த்துவிட்டு, கார் மெதுவாகும் என்று காத்திருந்தேன். சைக்கிளைக் கண்டால் கார் எப்போதும் மெதுவாகத்தானே செய்யும்?

பக்கத்தில் 'தொப்' என்று ஒரு சத்தம். பிரேக் இல்லாத இடத்தில் அண்ணன் கால் வெறும் தரையை மிதித்த சத்தம் அது. அடுத்த நொடி சாவிகள் ரோடெல்லாம் சிதறின.

வாயைத் திறந்து "பிரேக்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவனுக்கு அந்தப் பழக்கமே இல்லை.

சாவிக்காரர் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இடுப்பு எலும்பு முறிவு, தலையிலும் அடி. அன்று மாலை அண்ணன் என் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"அவர்தான் திடீர்னு குறுக்க வந்தாருன்னு போலீஸ்ல சொல்லிட்டேன். அவருக்கு நெனவு வந்ததும் உன்னையும் கூப்பிட்டுக் கேப்பாங்க. நீயும் அதையே சொல்லிடு, பாப்பா."

"அவரு நேராத்தான் போனாரு, அண்ணா."

"தெரியும். நானும் பாத்தேன்ல? ஆனா அப்படிச் சொன்னா உன் லைசென்ஸ் போயிடும், என் ஸ்கூலை இழுத்து மூடணும். அப்புறம் உங்க அண்ணி என்னையும் சேத்து மூடிடுவா."

சிரிக்கப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். "அவர் ஹெல்மெட் போட்டிருந்தாரா?" சைக்கிளுக்கு யார் ஹெல்மெட் போடுகிறார்கள்? "பின்னாடி லைட் இருந்துச்சா?" காலை வெயிலில் எதற்கு லைட்? "மணி அடிச்சாரா?" தன் பாட்டுக்கு ஓரமாகப் போகிறவர் யாருக்கு மணி அடிப்பார்? எனக்கு எரிச்சலாக வந்தது. நீ பிரேக் போட்டியா என்று என்னை யாருமே கேட்கவில்லை. ஒருத்தராவது கேட்டிருந்தால் அங்கேயே உடைந்து அழுதிருப்பேன்.

அதற்குப் பிறகு நான் காரைத் தொடவில்லை. வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு என்னைப் பயிற்சிக் காரின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போய் விடுவான் அண்ணன். காலைப் பாடம் ஒரு பல் டாக்டருக்கு. அந்தம்மா ஸ்டியரிங்கை நோயாளியின் தாடையைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டுவார்.

ஒருநாள் கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டுப் போய்க்கொண்டிருந்தோம். காருக்குள் சாவி குலுங்கும் சத்தம் கேட்டது. ஒரு சாவி இல்லை, ஒரு கொத்து. என் பையைத் தடவிப் பார்த்தேன். வீட்டுச் சாவி ஒன்றுதான் இருந்தது. அதற்குள் கார் மெதுவானது. யாரும் தெரியவில்லையே என்று நினைக்கும்போதே, பக்கத்துச் சந்திலிருந்து ஒரு சைக்கிள் வெளியே வந்து எங்களைக் கடந்து போனது.

"நல்லா ஸ்லோ பண்ணேன்ல சார்?" என்றார் டாக்டர்.

"சூப்பர், டாக்டர்" என்றான் அண்ணன். குரல் பிசிறியது.

முன்சீட்டு இடைவெளி வழியாக எட்டிப் பார்த்தேன். அவன் இரண்டு காலையும் சீட்டுக்கு அடியில் பின்னால் இழுத்து வைத்திருந்தான். யாரும் தொடாத அந்த இரண்டாவது பிரேக் தரைவரை அழுந்தியிருந்தது. சைக்கிள் போன பிறகு மெல்ல மேலே வந்தது.

மெக்கானிக் காருக்கு அடியில் படுத்து, கம்பியைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். "ஒரு கோளாறும் இல்ல. உங்க காலுதான் ஓவரா பழகிடுச்சு போல" என்று அண்ணனைக் கிண்டல் செய்துவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரிக்குப் போக எனக்கு அதுவரை துணிச்சல் வரவில்லை. அன்றைக்குப் போனேன். ஜன்னலோரக் கட்டிலில் சாவிக்காரர் கண்மூடிக் கிடந்தார். அவர் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து, ரோட்டிலிருந்து பொறுக்கிவந்த சாவிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் அந்தக் காரை ஓட்டினது, அக்கா" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"உங்க அண்ணன் வந்து எல்லாம் சொன்னாரு. இவருதான் குறுக்க வந்துட்டாராமே. பாத்துப் போங்க, பாத்துப் போங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்குவேன். கேட்டாத்தானே?"

என் வாய்க்குப் பூட்டுப் போட்ட மாதிரி இருந்தது. நான் வெட்கங்கெட்டுச் சும்மா நின்றேன்.

அப்போது போர்வைக்குள் சாவிக்காரருடைய வலது கால் அசைந்தது. பாதம் முன்னால் நீண்டு கட்டில் கம்பியை அழுத்தியது. அவசரமே இல்லாமல், மெதுவாக, கடைசிவரை அழுத்திவிட்டுத் திரும்பி வந்தது. அந்த மிதியை எனக்குத் தெரியும்.

"அடிக்கடி இப்படித்தாம்மா செய்றாரு. நரம்பு இழுக்குதுன்னு டாக்டர் சொல்றாரு" என்றார் அந்த அக்கா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சைக்கிளுக்குப் பிரேக் கையிலதானே? இவரு எதைப் போட்டு மிதிக்கிறாரு?"

வராந்தாவுக்கு வந்து அண்ணனுக்குப் போன் செய்தேன். யாருக்கோ பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். கதவு வழியாகக் கட்டில் தெரிந்தது. போர்வை அசைந்ததும், "இப்ப" என்றேன்.

இன்னொரு தடவை கால் நீண்டது. "இப்ப."

"பாப்பா, நீ எங்க இருந்து பேசுற?" என்றான் அண்ணன். "நீ சொல்றப்பல்லாம் இங்க பிரேக் இறங்குது."

அன்று அவன் வீட்டுக்கு வந்து, விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தான். இனிமேலாவது புத்தி வரும், உண்மையைச் சொல்லிவிடுவான் என்று நம்பினேன். என் அண்ணனைப் பற்றி எனக்கு எவ்வளவு நல்ல எண்ணம் பாருங்கள்! கொஞ்ச நாள்தான் பயந்தான். பயம் பழகிப்போனது. சாவிச் சத்தம் கேட்கும், பிரேக் இறங்கும், சைக்கிள் கடந்து போகும். ஒரு சைக்கிளைக்கூட அது தவறவிடவில்லை. கடைசியில் அவன் சீட்டில் காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்காரவே ஆரம்பித்துவிட்டான்.

"யாரு மிதிச்சா என்ன, கார் நின்னாச் சரி" என்றான். "என் முழங்கால் வலிகூடப் போயிடுச்சு."

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. "நாம அடிச்சுப் போட்ட மனுஷன்கிட்ட வேலை வாங்குறியா? நீயெல்லாம் ஒரு அண்ணனா?" என்று கத்திவிட்டேன். அதன் பிறகு அவன் காரில் ஏறவில்லை. பஸ்ஸில் போனேன், தினமும் ஆஸ்பத்திரிக்கும் போனேன். போலீசிடம் என்ன சொல்வது என்று மட்டும் அப்போதும் முடிவு செய்யவில்லை. கோபப்படுவது எனக்குச் சுலபமாக வந்தது.

பல் டாக்டருக்கு மறுநாள் தேர்வு. அன்று காலை நான் வார்டுக்குள் நுழைந்தபோது சாவிக்காரர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. மனைவி அவருக்குக் கரண்டியால் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"விடியக்காலைல முழிச்சுட்டாரும்மா! காலும் அசையறத நிறுத்திடுச்சு."

கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். மனைவி என்னை யாரென்று சொன்னதும் அவர் கஷ்டப்பட்டு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லம்மா. நான்தான் பாக்காம குறுக்க வந்துட்டேனாமே. சின்னப் பொண்ணு, எவ்வளவு பயந்திருப்பே. மன்னிச்சுக்கோ."

அவருடைய கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"நீங்க குறுக்க வரல. ஓரமா, நேராப் போனீங்க. நான் உங்கள நல்லாப் பாத்தேன். பாத்தும் பிரேக் போடல. வேற யாராவது போடுவாங்கன்னு இருந்துட்டேன். தப்பு என்மேலதான். போலீஸ்லயும் இதையேதான் சொல்லப்போறேன்."

அந்த அக்காவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. கணவர் பக்கம் திரும்பி, "நான் உங்களத் திட்டினேனே, நெனவில்லாமக் கிடந்த மனுஷனத் திட்டினேனே" என்று அழ ஆரம்பித்தார்.

போர்வைக்குள் கால் அசையவில்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. விடியற்காலையிலிருந்து அசையவில்லை. அண்ணனுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. பாடம் நடக்கும் நேரம். ஜன்னலுக்கு ஓடினேன். கீழே ரோட்டில், முக்கை நோக்கி, பயிற்சிக் கார் வந்துகொண்டிருந்தது.

எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியாது. நான் வாசலுக்கு வரவும் கார் முக்கில் திரும்பவும் சரியாக இருந்தது. ஓரமாக ஒரு பெண் கூடையில் துணிமூட்டை வைத்துக்கொண்டு சைக்கிளில் நேராக வந்தாள். பல் டாக்டர் அவளைப் பார்த்தார். கண்ணாடி வழியாக எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. பார்த்துக்கொண்டே திருப்பினார். பக்கத்தில் அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். பிரேக் இறங்கவில்லை என்று அவனுக்குப் புரிந்தது. மடக்கிய காலைப் பிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. நான் கத்தினேன், எனக்கே கேட்கவில்லை.

அவன் வாய் திறந்தது.

"பிரேக்! டாக்டர், பிரேக்!"

மூடிய கண்ணாடியைத் தாண்டி ரோடு முழுக்கக் கேட்டது. கார் குலுங்கி, டயர் கிறீச்சிட்டு, இரண்டு பேர் தலையும் முன்னால் போய்வர நின்றது. சைக்கிள் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் வழியில் போனாள். காருக்கும் அவள் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடம்கூட இல்லை.

டாக்டர் இறங்கி வந்து காரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அவங்கள நான் பாத்தேன் சார். சத்தியமாப் பாத்தேன். கார் நிக்கும்னு நெனச்சேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான். என் வார்த்தைகள் அவை. சாவிக்காரரை இடித்த அன்று, போலீஸ் வருமுன் அவனிடம் நான் அழுதுகொண்டே சொன்னவை.

"அவரு முழிச்சுட்டாரு, அண்ணா. நான் அவர்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன். ஸ்டேஷனுக்குப் போறேன்."

"நானும் வரேன்" என்றான். ஆனால் நகரவில்லை. காரிலிருந்து இறங்கியவன் நடைபாதையிலேயே நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "எத்தன பேருக்குக் கத்துக்குடுத்திருக்கேன், பாப்பா."

காலை நேரம், வேலைக்குப் போகிற கூட்டம். கார்கள் வரிசையாக வந்து அந்த முக்கில் திரும்பின. கண்ணாடியை இறக்கி, "சார்!" என்று சிரித்துக் கையாட்டினார்கள். அவன் கையாட்டவில்லை. ஒவ்வொரு கார் திரும்பும்போதும் அவனுடைய வலது கால் நடைபாதைக் கல்லை மெதுவாக, கடைசிவரை அழுத்திக்கொண்டிருந்தது.