கம்பெனி பஸ்களுக்கு அனுமதி இல்லை

சுந்தரமூர்த்தி அன்று கடையில் உட்கார்ந்தபடி ஆட்சேபணைக் கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து மூன்றாவது தடவையாக எடுத்துப் படித்தார். பதினோரு மணிக்கு நகராட்சியில் கருத்துக் கேட்புக் கூட்டம். ஊருக்கு வெளியே பைபாஸ் ஓரம் ஒரு சூப்பர் மார்க்கெட் வரப்போகிறதாம். வெறும் கடை என்றால் யாரும் சீந்த மாட்டார்கள் என்று, குழந்தைகள் காப்பகம், சமுதாயக் கூடம், பெண்களுக்குக் கழிப்பறை எல்லாம் கட்டித் தருவதாகச் சொல்லி ஊரை மயக்கி வைத்திருந்தார்கள். இன்று அதைத் தடுத்தால் உண்டு. இல்லாவிட்டால் பஜாரில் இருபத்தாறு வருஷமாக நடத்தும் மளிகைக் கடைக்கு அவர் பூட்டுப் போட வேண்டியதுதான். ஏற்கெனவே பாதி மூடின மாதிரிதான் இருந்தது. அன்று காலையிலிருந்து வந்தவர்கள் மூன்றே பேர், அதிலும் ஒருவர் சில்லறை மாற்ற வந்தவர்.

வியாபாரிகள் சங்கத்துக்கு அவர் செயலாளர். தலைவர் எதிர்வாடை ஜவுளிக்கடை அப்துல் ஹமீத். இருவரும் ஒன்றாகவே கிளம்பினார்கள்.

"நல்லா அழுத்திப் பேசு மூர்த்தி. அவன் வந்தா நம்ம எல்லாருக்கும் பேஜார்தான்."

"பேசறேன் பாய். ஜனங்க எங்க போவாங்க? எல்லாம் நம்ம கஸ்டமருங்கதானே."

இந்த நம்பிக்கை அவருக்கு எங்கிருந்துதான் வந்ததோ! கூட்டத்தில் முன்வரிசைகள் முழுக்க வியாபாரிகள். பின்னால் ஷூ கம்பெனிப் பெண்கள் ஐம்பது அறுபது பேர், அரை நாள் லீவு போட்டுவிட்டு நீலக் கோட்டோடு அப்படியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். நமக்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, மனுஷன் திரும்பி ஒரு கும்பிடு வேறு போட்டார்.

கடிதத்தைக் கணீரென்று படித்தார். முன்பக்கம் கை தட்டியது. பின்பக்கம் அசையவில்லை.

வேறு யாராவது பேச வேண்டுமா என்று அதிகாரி கேட்டதும், ஷர்மிளா எழுந்தாள். தையல் பிரிவில் வேலை. சுந்தரமூர்த்தியின் கடைக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு.

"எனக்குப் பேசவெல்லாம் வராது சார். முன்ன எங்க பஸ் பஜாருக்குள்ள வரும். காலைல அண்ணன் கடையில சாமான் சீட்டு குடுத்துட்டுப் போவோம். சாயந்தரம் அண்ணனே பைய ஜன்னல் வழியா எடுத்துக் குடுப்பாரு. எறங்கக்கூட வேணாம்."

உண்மைதான். அப்போதெல்லாம் பகல் முழுக்க அவருக்கு அந்தச் சீட்டுகளைப் பார்த்துப் பை கட்டுவதே வேலை. யார் வீட்டில் துவரம்பருப்பு, யார் வீட்டில் பாசிப்பருப்பு என்பது மனப்பாடம். ஆனால் பஸ் நிற்கிற பத்து நிமிஷமும் கார் உள்ளே வர முடியாது. காரில் வருகிறவர்கள் இரண்டு பேர் முகம் சுளித்துவிட்டுப் போனதும் அவருக்குப் பெரிய யோசனை பிறந்துவிட்டது. நான்கு வருஷத்துக்கு முன்னால் அவரே உட்கார்ந்து மனு எழுதினார். கம்பெனி பஸ் பைபாஸிலேயே நிற்கட்டும், பெண்கள் நடந்து வந்து வாங்கிக்கொள்வார்கள் என்பது கணக்கு. மனு உடனே பாஸானது. பஜார் முனையில் கம்பெனி பஸ்களுக்கு அனுமதி இல்லை என்று தகரப் பலகையும் அவர் செலவில்தான் வைத்தார். கார்காரர்கள் ஆறு மாசம் வந்தார்கள். அப்புறம் வேலூரிலேயே வாங்கப் பழகிக்கொண்டார்கள்.

ஷர்மிளா இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"இப்ப பைபாஸ்ல எறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடக்கறோம். வீடு போய்ச் சேர ஏழரை ஆவுது, கடைக்கு எங்க வர்றது? அவசரத்துக்கு ஒதுங்க எடமில்ல. போன ஆடில எங்ககூட வர்ற சோபனாவ நாய் கடிச்சிடுச்சு. மழைக்கு நிக்க ஒரு கொட்டாயாவது போட்டுக் குடுங்கன்னு சங்கத்துல வந்து கேட்டோம். அண்ணன் பாக்கலாம்னாரு. இந்த சூப்பர் மார்க்கெட்காரங்க கட்டிக் குடுக்கறேன்றாங்க. அங்க வெல ஜாஸ்தியா கம்மியா, எங்களுக்குத் தெரியாது சார். எங்களுக்கு நிக்க எடம் வேணும்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவரைச் சுட்டது. 'பாக்கலாம்' என்று சொன்னது நினைவிருந்தது. தராசிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னது.

சட்டென்று எழுந்தார். "சார், பஸ்ஸ திரும்ப உள்ளயே விட்டுடலாம் சார். சங்கமே எழுதிக் குடுக்கும்."

அதிகாரி ஃபைலைப் புரட்டினார். "நிறுத்தச் சொன்னதே நீங்கதானே. இப்ப எல்லாம் பெரிய பஸ்ஸா மாத்திட்டாங்க, உங்க பஜார்ல திரும்பக்கூடத் திரும்பாது. உக்காருங்க."

கை தூக்கச் சொன்னார்கள். எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சூப்பர் மார்க்கெட்டுக்கு அனுமதி தரலாம் என்று அங்கேயே பரிந்துரை எழுதியாயிற்று.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது ஹமீத் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. "அந்த மனுல நானும் கையெழுத்துப் போட்டேனே மூர்த்தி" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் நடந்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் சுந்தரமூர்த்தி கடையிலிருந்து ஸ்டூலையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு பஜார் முனைக்குப் போனார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மூன்று திருகாணிகளைக் கழற்றி நான்காவதில் கை வைத்தபோது, சாப்பாட்டுப் பையோடு பைபாஸுக்குப் போய்க்கொண்டிருந்த ஷர்மிளா நின்றாள்.

"இன்னா அண்ணா பண்றீங்க?"

"எடுத்துடறேன்மா. தப்புப் பண்ணிட்டேன்."

அவள் பலகையைப் பார்த்தாள். ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது.

"இனிமே பஸ் வராதுண்ணா. அது அங்கயே இருக்கட்டும். அதையும் எடுத்துட்டா நாங்க ஏன் நடக்கறோம்னே யாருக்கும் தெரியாம பூடும்."

நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே வேகமாக நடந்தாள். அவளுக்கு முன்னாலும் பின்னாலும் நீலக் கோட்டுகள் போய்க்கொண்டிருந்தன. எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட அவருக்குத் தெரியும். கூப்பிடவில்லை.

பலகையின் அடியில் சின்ன எழுத்தில் 'இப்படிக்கு, செயலாளர்' என்று அவர் பெயர் இருந்தது. சுந்தரமூர்த்தி சட்டைப் பையிலிருந்து மூன்று திருகாணிகளையும் எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பி முடுக்கினார்.