ஏரியைத் தட்டும் பெட்டி

அப்பா உறைந்த ஏரியின் நடுவில் இருந்தார். வலைகளை எடுத்துவிட்டால் இந்தப் பருவம் முடிந்தது என்று கிளம்பியவர், கடப்பாரையைக் கரையிலேயே போட்டுவிட்டார். வழக்கமாக அதைக் கொண்டு பனியைக் குத்திப் பார்க்காமல் ஓர் அடி வைக்க மாட்டார்.

"உன் பெட்டிதான் இருக்கே ஹில்லா, இதை எதுக்குச் சுமக்கணும்?"

அந்தப் பெட்டி நான் செய்தது. தட்டினால் மெல்லிய பனி கீச்சென்று ஒலிக்கும், தடித்த பனி கனமாக ஒலிக்கும். இங்கே ஏரியில் சறுக்கி விளையாடுகிற எல்லோருக்கும் அது தெரியும். பழைய அழைப்புமணியின் சுத்தியை எடுத்து அப்பாவின் சறுக்குவண்டிக்கு முன்னால் பனியைத் தட்ட வைத்தேன். அம்மாவின் கிட்டாருக்குச் சுருதி பார்க்கும் கருவியை அதைக் கேட்க வைத்தேன். சுருதி ஏறினால் சிவப்பு விளக்கு, இல்லாவிட்டால் பச்சை. குளிர்காலம் முழுக்க அது தப்பே செய்யவில்லை.

இருட்டும் நேரத்தில், புதிதாகச் செய்த இன்னொரு பெட்டியைக் கரையோரம் வைத்துப் பார்த்தேன். வசந்த வெயிலில் பனி கறுத்திருந்தது. முழங்கை அளவு தடிமன்தான், ஆனால் உதைத்ததும் ஊசி ஊசியாக உதிர்ந்தது. சுத்தி தட்டியது. ஈரத்துணியைத் தட்டியது போல, சுருதியே எழவில்லை. விளக்கு பச்சையாக எரிந்தது.

எதுவும் கேட்காவிட்டால் என்ன செய்வதென்று நான் அதற்குச் சொல்லித் தரவே இல்லை.

கத்தினேன். அம்மா ஓடிவந்தாள். அவள் மீட்புப் படையைக் கூப்பிட, நான் அப்பாவைப் போனில் அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது.

"விடாதடி, போட்டுக்கிட்டே இரு!" என்றாள் அம்மா.

எடுத்தார். "என்னடி, நீராவியில குளிக்க சவுனா சூடாயிடுச்சா? இதோ வந்துட்டேன்."

"அப்பா, அப்படியே நில்லுங்க! பெட்டியை நம்பாதீங்க!"

"போடி. பச்சையா ஜொலிக்குது. என் பொண்ணு செஞ்சதை நம்பாம?"

"அது செவிடுப்பா! பனி உளுத்துப்போச்சு, அதுக்குக் கேக்கல. குப்புறப் படுங்க. வண்டியை விட்டுடுங்க!"

அவர் படுக்கிற சரசரப்பு போனில் கேட்டது.

"ஹில்லா, முட்டி நனையுது," என்றார். குரல் மாறியிருந்தது. "கரை எந்தப் பக்கம்னு தெரியல. வெளிச்சம் காட்டு. பேசிக்கிட்டே இரு."

அம்மா காரின் முன்விளக்குகளைப் போட்டாள். இருவரும் கரையில் கிடந்த படகைப் பனிமேல் தள்ளி, விளிம்பைப் பிடித்தபடியே போனோம். எங்களைச் சுற்றிப் பனி கரகரவென்று நொறுங்கியது. போனைத் தோளில் இடுக்கியபடி கத்தினேன்.

"சத்தம் வரலன்னா சிவப்புதான் எரியணும், மாத்திடறேன்ப்பா, கேக்குதா, மாத்திடறேன்..."

போனில் அவர் மூச்சும், சட்டை உரசுவதும் மட்டுமே கேட்டன.

நனைந்த கையொன்று படகின் விளிம்பைப் பற்றியது. அம்மா அவர் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அவர் என் காலடியில் கிடந்து இருமிக்கொண்டிருந்தார். நான் இன்னும் போனில்தான் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன்.