உள்கோட்டில் வெட்டியவள்

என் ஓரகத்திக்கும் எனக்கும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் நடுவில் புகுந்து சமாதானம் பேச வேண்டாம். அவள் என் கணவருடைய அண்ணன் மனைவி. அவர்கள் கீழே, நாங்கள் மாடியில். நான் தையல் மெஷினை மிதித்தால் அவள் தலைக்கு மேல் கடகடவென்று கேட்கும். அவள் மதியம் கண்ணை மூடும் நேரம் பார்த்துத்தான் நான் தைக்க உட்காருகிறேன் என்று மாமியாரிடம் வத்தி வைத்திருக்கிறாள். அபாண்டம். எப்போதாவதுதான் அப்படிச் செய்வேன்.

தொல்லை என்னவென்றால் அவளும் தைப்பாள். ஒரே வீட்டில் சமைக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தால் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். தைக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தால் கத்தரிக்கோலை ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் இரண்டு பேருமே கடையில் விற்கும் பேட்டர்ன் வாங்கித் தைக்கிற ரகம். உறையின் மேல் ஒரு ஒல்லிப் பெண்ணின் படம் இருக்கும். உள்ளே பெரிய மெல்லிய தாள். உடையின் முன்பக்கம், முதுகு, கை எல்லாம் அதில் கோடு கோடாக அச்சாகியிருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் எல்லா அளவும் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டிருப்பார்கள். உள்கோடு என் ஓரகத்தி மாதிரி ஒட்டடைக்குச்சிகளுக்கு. வெளிக்கோடு என்னைப் போல நாலு வாய் நிம்மதியாகச் சாப்பிடுகிறவர்களுக்கு. அந்தத் தாளை வெட்டக் கூடாது. வேறு காகிதத்தில் நம் அளவை மட்டும் நகல் எடுத்து, அந்த நகலைத்தான் வெட்ட வேண்டும். தாளையே உள்கோட்டில் வெட்டிவிட்டால் அதற்கு வெளியே இருக்கிற அளவெல்லாம் போனது போனதுதான். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தவளுக்கெல்லாம் இது தெரியும்.

கடைத்தெருவில் ஒரு உடைக்கடை இருக்கிறது. பெரிய டிசைனர்கள் போடும் கவுன்களைப் படத்தில் பார்த்து, அதே சாயலில் தைத்து விற்பார்கள். கடைக்காரம்மாவுக்கு அதில் கூச்சநாச்சம் கிடையாது. "அவங்க தைச்சா டிசைன், நாம தைச்சா காப்பி. போட்டுக்கிட்டுப் போறவளுக்கு ரெண்டும் முதுகுல ஒண்ணுதான்" என்பார். அவருக்கு மாதிரி உடை தைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. கேட்டுப் போனேன். என் கையில் ஒரு படத்தைக் கொடுத்தார். முன்பக்கம் கழுத்து வரை ஏறிய சாதாரண கவுன். திரும்பினால் முதுகு இடுப்பு வரை திறந்து, துணி மடிப்பு மடிப்பாகத் தொங்கியது.

"இது மாதிரி ஒண்ணு நீயே தைச்சு நீயே போட்டுக்கிட்டு வா. பேட்டர்ன் பேப்பரையும் கொண்டு வரணும். எங்கே என்ன மாத்தியிருக்கேன்னு பார்க்கணும்" என்றார்.

எனக்கு அந்த வேலை வேண்டும். அப்படி வேண்டும். இத்தனை வருஷமாக நான் தைப்பதற்கு என் வீட்டில் பெயர் பொழுதுபோக்கு. என் கணவர் அதைத் துணியோடு விளையாடுவது என்பார். காலையில் பையை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, என்ன சமையல் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் வாசலைத் தாண்ட வேண்டும் என்பது என் ஆசை.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சாப்பிடும்போது எல்லார் முன்னாலும் பெருமையடித்துவிட்டேன். மறுநாளே என் ஓரகத்தி அந்தக் கடைக்குப் போய் அதே படத்தை வாங்கி வந்துவிட்டாள். கேட்டால், "கடை என்ன உன் பேர்லயா எழுதியிருக்கு?" என்றாள்.

சரி, வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் இருந்தேன். முதுகில் மடிப்பு விழும் பேட்டர்ன் ஒன்றைத் தேடி அலைந்து கண்டுபிடித்தேன். கழுத்தை மட்டும் ஏற்றி, கையை மாற்றினால் படத்தில் இருப்பது வந்துவிடும். பேட்டர்ன் விற்கும் கடையில் அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது, இனி வராது என்றும் சொல்லிவிட்டார்கள். கொண்டுவந்து என் அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

லைனிங் துணி வாங்க வெளியே போய்விட்டு வந்தபோது அந்த உறை என் மெஷின் மேல் கிடந்தது. கண்டபடி மடித்துத் திணித்ததில் உப்பியிருந்தது. பிரித்தேன். துண்டு துண்டாக வெட்டியிருந்தது. எல்லாம் உள்கோட்டில்.

படி இறங்கிப் போனது எனக்கு ஞாபகமே இல்லை. கீழே அவள் ஏற்கெனவே வெட்டி முடித்த பச்சைத் துணியைத் தரையில் விரித்து மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். மாமியார் பக்கத்தில் குண்டூசி டப்பாவைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"அக்கா, இதை யாரு வெட்டினது?"

"நான்தான். ஏன்?"

"என் அளவு போச்சு."

"உன் அளவு எங்க இருந்துச்சு?"

"வெளிக்கோட்டுல."

அவள் நிமிர்ந்து என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள். "ஓ, அந்தக் கடைசிக் கோடா? நான் அது பேப்பரோட ஓரம்னு நினைச்சேன்."

மாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். "ஒரே வீட்டுல ரெண்டு எதுக்கு வாங்கணும்னு நான்தாம்மா எடுத்துக் குடுத்தேன். ஒரு காகிதத்துக்கா இந்தக் கத்தல்?" என்றார்.

"வெட்டிப் போட்ட துண்டுங்களையாவது குடுங்க. ஒட்டிக்கிறேன்."

"குப்பை வண்டியில போட்டாச்சே" என்றாள். "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, வரைஞ்சுக்கோ."

அவளுக்குத் தெரியாமல் நடந்ததில்லை. அவள் இத்தனை வருஷமாகப் பேட்டர்ன் வைத்துத் தைக்கிறவள். தன்னுடைய தாள் எதையும் அவள் வெட்டி நான் பார்த்ததில்லை. நகல் எடுக்கிற சக்கரம் அவள் தையல் பெட்டியில்தான் இருக்கிறது. என் கணவரிடம் சொன்னேன். அவர் செல்போனிலிருந்து தலையை எடுக்காமல், "பேசாம நீ அண்ணி அளவுக்கு இளைச்சிடேன்" என்றார். அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டேன், அவ்வளவுதான். பேச்சில்லை.

வேறு வழியில்லாமல் அவள் வெட்டிய துண்டுகளையே பெரிதாக்க உட்கார்ந்தேன். ஒவ்வொன்றையும் நெடுக வெட்டி, பழுப்புக் காகிதத்தின் மேல் இடைவெளி விட்டு ஒட்டி, என் உடம்புக்கு வரைந்தேன். முன்பக்கம் சொன்னபடி கேட்டது. முதுகு கேட்கவில்லை. பழைய போர்வைத் துணியில் தைத்துப் போட்டுப் பார்த்தால் மடிப்புகள் முதுகில் சாக்கு மாதிரி தொங்கின. நடுவில் அகலப்படுத்தியது தப்பு. நடுவை அப்படியே விட்டுவிட்டு, அகலத்தையெல்லாம் விலாப் பக்கத்துக்குத் தள்ளினேன். பிரித்தேன், தைத்தேன், திட்டினேன், மறுபடி பிரித்தேன். கடைசியில் என் அரக்கு நிறத் துணியில் அந்த மடிப்பு விழுந்தபோது, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று கழுத்து வலிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கீழே அவள் மெஷின் சத்தம் கேட்டதும் அதுவும் போய்விட்டது.

கடைக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் போனோம், தெருவின் இரண்டு பக்கமாக. அங்கே போய்ச் சேர்ந்ததும் திரைக்குப் பின்னால் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் உடை மாற்றிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்றோம். அவள் பச்சை, நான் அரக்கு, மற்றபடி ஒரே கவுன். கடைக்காரம்மா மணிக்கட்டில் குண்டூசி மெத்தையைக் கட்டிக்கொண்டு எங்களைச் சுற்றி வந்தார். என்னைத் திருப்பி முதுகைப் பார்த்தார். விலாப் பக்கத்து ஜிப்பை விரலால் தடவினார். இன்விசிபிள் ஜிப் என்பார்கள், மூடினால் வெறும் தையல் கோடு மாதிரி இருக்க வேண்டும். என்னுடையது இடுப்பு வளைவில் லேசாகச் சுருங்கியிருந்தது. பிறகு அவளுடையதைத் தடவினார். அங்கே ஜிப் இருப்பதே தெரியவில்லை.

"ரெண்டு பேரும் ஒரே வீடா?"

"ஆமாம்மா."

"பேட்டர்ன் எங்க?"

நான் பையிலிருந்து எடுத்து மேஜையில் விரித்தேன். என் ஓரகத்தி சும்மா நின்றாள். அவளிடம் விரிக்க என்ன இருக்கிறது? கடைக்காரம்மா பழுப்புக் காகிதத்தில் ஒட்டியிருந்த துண்டுகளை உற்றுப் பார்த்தார். நான் அகலப்படுத்திய இடங்களை நகத்தால் தொட்டுக்கொண்டே போனார்.

"மொதல்ல இவங்க அளவுக்கு வெட்டியிருக்க. அப்புறம் அதையே உனக்குப் பெரிசு பண்ணியிருக்க. கெட்டிக்காரிதான்."

"இல்லம்மா" என்றாள் என் ஓரகத்தி. "எனக்கு நானேதான் வெட்டினேன்."

"அப்ப பேப்பர் ஏன் இவகிட்ட இருக்கு?"

"இவளோடதுதான். நான் வாங்கி வெட்டிட்டுத் திருப்பிக் குடுத்துட்டேன்."

கடைக்காரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "அடுத்தவ பேட்டர்னையா? அதுவும் உள்கோட்டுல? தைக்கத் தெரிஞ்சவ எவளாவது அதைச் செய்வாளாம்மா? கொஞ்சம் நம்புற மாதிரி சொல்லுங்க."

என் ஓரகத்தியின் முகம் சிவந்தது. வேண்டுமென்றேதான் வெட்டினேன் என்று சொன்னால் அவள் தையல்காரி என்று தெரிந்துவிடும். ஆனால் எப்படிப்பட்டவள் என்றும் தெரிந்துவிடும்.

கடைக்காரம்மா என் பக்கம் திரும்பினார். "நீ உள்ளதைச் சொல்லு. ரெண்டையும் நீதானே தைச்சே?"

நான் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை. அவளுக்குக் கெஞ்ச வராது. கெஞ்சியிருந்தால்கூட நான் இரங்கியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். பேப்பரோட ஓரம் என்று சொன்னாளே, அது என் காதுக்குள்ளேயே இருந்தது.

"ஆமாம்மா" என்றேன். "அக்காவுக்கு அவ்வளவா தைக்க வராது. ஆசைப்பட்டாங்க, தைச்சுக் குடுத்தேன்."

சொன்னபோது உடம்பெல்லாம் குளிர்ந்தது. அத்தனை இதமான பொய்யை நான் அதற்கு முன் சொன்னதில்லை.

"அதானே பார்த்தேன்" என்றார் கடைக்காரம்மா. "உன்னோடதுல ஜிப் கொஞ்சம் சுருங்கியிருக்கு. இவங்களோடதுல கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு. சொந்தத் துணியில அசட்டை, அடுத்தவங்க துணியில அக்கறை. எனக்கு வேண்டியது அந்த மாதிரி ஆள்தான். வேலை உனக்கு."

பிறகு அவளைப் பார்த்தார். "நீங்க அப்பப்ப வந்து போட்டுக் காட்டினா நல்லா இருக்கும். உடம்பு அந்தப் படத்துல இருக்கிறவ மாதிரியே இருக்கு." அவள் உடையைக் கழற்றத் திரைக்குப் பின்னால் போனாள். ஜிப்பை இறக்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு வழுவழுப்பாக இறங்கியது.

எனக்கு முதல் வேலையாக வெள்ளைப் பட்டுத் துணி ஒன்று கொடுத்தார். அதே கவுன், ஒல்லி அளவு. கொடுக்கும்போது என் ஓரகத்தியின் கையிலிருந்த பச்சைக் கவுனை நோக்கி விரலை நீட்டி, "ஜிப் மட்டும் இந்தப் பச்சையில இருக்கிற மாதிரியே இருக்கணும். கொஞ்சம் சுருங்கினாலும் வெள்ளையில காட்டிக்குடுத்துடும். அப்புறம் நான் வேற ஆள் பார்த்துக்குவேன்" என்றார்.

திரும்பும்போது அவள் தெருவின் என் பக்கத்திலேயே நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் பேசினாள்.

"உன் இடத்துல நான் இருந்தாலும் ஆமான்னுதான் சொல்லியிருப்பேன்."

நான் நின்றேன். இவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையா என்று இருந்தது.

"ஆனா, ஜிப் வைக்கத் தெரியாம சொல்லியிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பட்டுத் துணியை வெட்டினேன். முதுகு மடிப்பு அற்புதமாக விழுந்தது. பிறகு ஜிப். சீட்டித் துணித் துண்டுகளில் வைத்து வைத்துப் பார்த்தேன். மெதுவாக மிதித்தேன், கையால் ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டு தைத்தேன், இஸ்திரி போட்டு அமுக்கினேன். ஒவ்வொரு தடவையும் இடுப்பு வளைவுக்கு வந்ததும் அது சுருங்கியது. பட்டில் ஒரு தடவைதான் தைக்கலாம். பிரித்தால் ஊசித் துளை அப்படியே நிற்கும். நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

மதியம் கவுனையும் ஜிப்பையும் ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு கீழே இறங்கி அவள் அறைக் கதவைத் தட்டினேன்.

"யாரு?" என்றாள். வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

"நான்தான்க்கா."

"என்ன?"

"ஒரு ஜிப் வைக்கணும்."

உள்ளே கட்டில் லேசாகக் கிறீச்சிட்டது. எழுந்து வருகிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் படுத்திருக்கிறாள்.

"எனக்குத்தான் தைக்க வராதே" என்றாள்.

கவுனைக் கசங்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மறுபடியும் தட்டினேன்.