இரண்டு புரொப்பலருக்கு ஒரே விடை

1982 டிசம்பரில் லீவுக்கு வந்த பவுலினா, பதுளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டில் உட்கார்ந்து, கொழும்பிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டர் தாள்களை விரித்திருந்தாள். மீன்பிடிப் படகு கட்டும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. புதுப் படகைத் தள்ளும் சுழல்விசிறியான புரொப்பலரை வார்க்கும் முன்பே, அது தண்ணீரில் எப்படிச் சுழலும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். முதலில் ஒரு சாண் அகல மாதிரிக்கு. பிறகு ஆள் மார்பளவு உயர அசலுக்கு.

அம்மா இருதயம்மா, வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"லீவுலயும் அதே கணக்கா?"

"சும்மா பாக்குறேம்மா."

சும்மா பார்த்ததில்தான் அது கண்ணில் பட்டது. எஞ்சின்மேல் விழும் பாரத்தின் விகிதம் மாதிரிக்கும் அசலுக்கும் மூன்றாவது தசமம் வரை ஒன்றாக இருந்தது. அப்படி இருக்க வழியில்லை. புரொப்பலரின் இதழ் சின்னதானால் தண்ணீர் அதை அதிகமாகப் பிடித்து இழுக்கும். இதழ் பெரிதானால் அந்த இழுவையின் பங்கு குறையும். அசலுக்கு மாற்றவேண்டிய எண்ணை அவள் மாற்றாமலே விட்டிருந்தாள். இல்லாத பாரத்தை இருப்பதாக எண்ணி இதழின் சாய்வைக் குறைத்துக் கொடுத்துவிட்டாள். கடலில் எஞ்சின் அளவுக்கு மீறி ஓடும்.

அந்தச் சாய்வோடு அசல் அளவில் இரண்டு புரொப்பலர் வார்க்கச் சொல்லி வரைபடம் போய்ப் பத்து நாளாகிவிட்டது. அந்தத் தாளை வாசிக்கத் தெரிந்தவள் கம்பெனியில் அவள் ஒருத்திதான். எஞ்சின்மேல் பழியைப் போட்டால் யாரும் மறுக்கப்போவதில்லை. தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தாள். தேத்தண்ணி குடித்தாள். பிறகு சேலையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

பதுளைத் தபால் கந்தோரில் டிரங்க் கால் கிடைக்க ஒன்றரை மணி நேரமானது. மறுமுனையில் அவளுடைய மேலதிகாரி மொஹிதீன்.

"சேர், பவுலினா பேசுறேன். வார்ப்ப நிப்பாட்டச் சொல்லுங்க. கணக்கு பிழை."

"யார் விட்ட பிழை?"

"நான்தான், சேர்."

"ஒண்ணு நேத்தே ஊத்தியாச்சு. மத்தத நிப்பாட்டுறேன். நீங்க லீவ முடிச்சிட்டே வாங்க."

அவள் மறுநாள் காலை ரயிலிலேயே போனாள். அந்த வருஷத்தில் கிறிஸ்து பிறந்த நத்தார் நாள் கொழும்பில் கம்ப்யூட்டருக்கு முன்னால் கழிந்தது.

பெப்ரவரியில் இரண்டையும் மாறிமாறி மாட்டிக் கடலில் ஓட்டிப் பார்த்தார்கள். முதலாவதில் எஞ்சின் அவள் சொன்னபடியே எல்லை தாண்டி இரைந்தது. திருத்தி வார்த்த இரண்டாவதில் சரியான வேகத்தில் நின்றது. மொஹிதீன் பாராட்டவுமில்லை, ஏசவுமில்லை. அந்தத் தாளை வாசிக்கத் தெரிந்த தாஸிம் என்று ஒருவரை வேலைக்கு எடுத்து, அவர் சரிபார்த்துக் கையெழுத்து வைக்காமல் எந்தத் தாளும் வெளியே போகக்கூடாது என்றார்.

அது பவுலினாவுக்கு ஒரு மாதம் உறுத்தியது. அதற்குப் பிறகு, கணக்கு முடிந்த கையோடு அவளே தாளை எடுத்துக்கொண்டு தாஸிமின் மேசைக்குப் போகத் தொடங்கினாள்.