மாடத்தி தொட்டால் எரியும் லாரி

“நீ கைய வச்சா எரியுது, எடுத்தா அணையுது. இப்ப நான் லைட்டச் சொல்லவா, உன்னச் சொல்லவா?”

“என்ன ஏன் சொல்லுத? வயர இழுத்தது நீதான?”

“நான் எல்லாம் சரியாத்தான் இழுத்திருக்கேன். இன்னொருக்கா வையி, பாப்போம்.”

அவள் வைத்தாள். லாரியின் நெற்றியில் சிவப்பும், இரண்டு விலாவிலும் பச்சையும், பின்பலகையின் ஓரத்தில் மஞ்சளுமாக எல்லா பல்புகளும் ஒரே நேரத்தில் எரிந்தன. கையை எடுத்தாள். அத்தனையும் அணைந்தன.

கை வைத்தவள் மாடத்தி. வயரை இழுத்தவன் அவளுடைய அண்ணன் சிவனாண்டி. அந்த லாரிக்குச் சொந்தக்காரனும் அவன்தான், டிரைவரும் அவன்தான். இது நடந்தது 1963ஆம் வருஷம், தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை, பம்பாய் தாராவியில். அந்த வாரம் வெங்காயம் விலை ஏறியிருந்தது.

லாரி அதுவரை பாந்திரா கசாப்புக் கொட்டகையிலிருந்து தாராவித் தோல் ஷாப்புகளுக்கு உப்புப் போட்ட பச்சைத் தோல்களை ஏற்றிக்கொண்டிருந்தது. அது வருகிறது என்பதைக் கண்ணுக்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும். டீக்கடைக்காரர்கள் கடைக்கு எதிரே நிறுத்த விடமாட்டார்கள். மாட்டுங்கா வழியாகப் போனால் மாடிகளில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். வேறு சரக்கு கேட்டுப் போனால் வியாபாரிகள் பேச்சை முடிக்காமலே உள்ளே போய்விடுவார்கள். ஆக்ரா ரோட்டில் கல்யாண வீடு போல ஜொலித்துக்கொண்டு இறங்கும் பஞ்சாபி லாரிகளைப் பார்த்துப் பார்த்து, விளக்குப் போட்டுவிட்டால் தன்னுடையது வேறு லாரி ஆகிவிடும் என்று சிவனாண்டி முடிவு கட்டினான். செம்பூர் நாக்காவில் லாரி ரிப்பேர் பார்க்கும் மிஸ்திரிகள் அந்த வண்டிக்கு அடியில் படுக்க மாட்டோம் என்றார்கள். எனவே பழைய சாமான் விற்கும் சோர் பஜாரில் பல்புகளும் வண்ண மூடிகளும் வயர்ச் சுருளும் பொறுக்கி வந்து, தானே துளை போட்டு, தானே வயரை ஓட்டி, ஸ்டியரிங் பக்கத்தில் தானே ஒரு சுவிட்சும் வைத்தான். லாரியில் கரண்டு போவதற்கு வயர் வேண்டும். திரும்பி வருவதற்கு லாரியின் இரும்புடம்பே போதும். வயரின் மறுநுனியை அந்த இரும்பில் பிடிக்க வைப்பதற்கு எர்த்து என்று பெயர். தோலிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் அந்த இரும்பை வருஷக்கணக்காகத் தின்றிருந்ததால் எர்த்து பிடிக்கவில்லை. காலையிலிருந்து அவன் எல்லாரையும் வைதுகொண்டிருந்தபோதுதான் சோற்றுத் தூக்குடன் வந்த மாடத்தி, நிற்க மாட்டாமல் கதவில் கையை ஊன்றினாள்.

தெருவில் இருந்த எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். தோல் ஷாப் முதலாளி நாகூர் கனியும் மோதிரக் கையால் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் எரியவில்லை. மாடத்தியைக் கூட்டிப்போய் வேறு லாரிகளையும், ஒரு பஸ்ஸையும், மாட்டுங்கா ஸ்டேஷன் கம்பி வேலியையும் தொடச் சொன்னார்கள். அவையும் எரியவில்லை. பிறகு பாட்டரியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு அவளைத் தங்கள் லாரியைத் தொடச் சொன்னார்கள். முன்னைவிடப் பிரகாசமாக எரிந்தது. இன்னும் என்னென்ன கழற்றலாம் என்று யோசிப்பதற்குள் குழாயில் தண்ணீர் வந்துவிட்டதால் கூட்டம் கலைந்தது.

அந்த வெளிச்சத்துக்கு இன்னொரு குணமும் இருந்தது. அது எரியும்வரை லாரியில் தோல் வாடை தெரியாது. பைக்குலா பழ மண்டிக்காரர்கள் மூக்கை உறிஞ்சிப் பார்த்து, திருப்தியாகி, நாசிக் திராட்சையை ஏற்ற ஒப்புக்கொண்டார்கள். “பொங்கல் வரைக்கும் கூட வாட்டி, பெறவு நான் வேற வழி பாத்துக்கிடுதேன்” என்றான் சிவனாண்டி. மாடத்தி ஏறி உட்கார்ந்து இடது கையைக் கதவின் இரும்பில் வைத்தாள். தூக்கம் வந்தால் துண்டால் கையைக் கைப்பிடியோடு கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பசித்தால் பச்சை விளக்குகள் மங்கும். உடனே சிவனாண்டி வண்டியை ஓரங்கட்டி டீயும் பன்னும் வாங்கிக் கொடுப்பான். தங்கச்சி மேல் இவ்வளவு பாசமா என்று பார்த்தவர்கள் பேசிக்கொண்டார்கள். ஒருமுறை அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்து விளக்குகள் எல்லாம் விட்டு விட்டு மினுக்கின. இது புது மாதிரியாக இருக்கிறதே என்று நாசிக்கில் பாராட்டினார்கள்.

பொங்கல் வந்தது, போனது. மான்குர்த்திலிருந்து வேலுச்சாமி பெண் கேட்டு வந்தான். பரேலில் ஒரு மில்லில் வேலை. பேச்சில் கொஞ்சம் குத்தல், ஆனால் நல்லவன். மாடத்தி அவனை முன்பே பார்த்திருந்தாள், அவனுக்குப் பிடிக்கும் என்று கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தாள். சிவனாண்டி பங்குனி என்றான், பிறகு ஆவணி என்றான், பிறகு மாதத்தின் பெயர் சொல்வதையே விட்டுவிட்டான்.

“மச்சான், ஒரு தேதி சொல்லும்.”

“அவ வந்துட்டா லாரிய யாருடே பாக்கது?”

“நான் பொண்ணத்தான கேக்கேன். டைனமோவயா கேக்கேன்?”

உள்ளே வட்டில் கழுவிக்கொண்டிருந்த மாடத்தி சிரித்துவிட்டாள். சிவனாண்டி சிரிக்கவில்லை. திராட்சை முடிந்து ஆரஞ்சு வந்தது, ஆரஞ்சு முடிந்து மாம்பழம் வந்தது. லாரிக்குப் புது பெயிண்டு அடித்தார்கள். கதவில் அவள் கை வைக்கும் இடத்தில் மட்டும் பெயிண்டு நிற்கவில்லை.

1965 செப்டம்பரில் பாகிஸ்தானோடு சண்டை மூண்டு, பம்பாய் முழுக்க விளக்கணைப்பு வந்தது. ஜன்னல்களில் பழுப்புக் காகிதம் ஒட்டினார்கள். வண்டிகளின் முன்விளக்குகளில் பாதியைக் கறுப்படித்தார்கள். தாராவிக்கு வந்த போலீஸ்காரர் சிவனாண்டி வீட்டு வாசலில் நின்று, அந்தப் பெண் லாரி நிற்கும் தெருப்பக்கம் நடக்கவே கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் மாடத்தி வீட்டில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் மடியில் வைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து தலையைப் பின்னிக்கொண்டாள், இரண்டு கையாலும்.

வெளிச்சம் இல்லாத நாட்களில் தேதி சொல்லாமல் இருக்க சிவனாண்டிக்குக் காரணம் கிடைக்கவில்லை. கல்யாணம் மான்குர்த்தில் பொழுது சாய்ந்ததும் நடந்தது. ஒரு விளக்குக்கூட இல்லை. வேலுச்சாமி தாலியை வைத்துக்கொண்டு தடுமாற, “கழுத்து எங்கிட்டு இருக்குன்னு அவகிட்டயே கேட்டுக்கிட்டுக் கட்டுல” என்று இருட்டில் யாரோ சொன்னார்கள். “இங்க இருக்கு” என்றாள் மாடத்தி. யார் முகமும் யாருக்கும் தெரியாத அந்தப் பந்தலில் அவள் வாய்விட்டுச் சிரித்ததை மட்டும் எல்லாரும் கேட்டார்கள். அப்படி ஒரு சிரிப்பை அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

சண்டை நின்றது. காகிதங்களைக் கிழித்தார்கள். சிவனாண்டி ஒரு சீப்பு நேந்திரம்பழத்தோடு மான்குர்த்துக்கு வந்தான். விளக்கில்லாத லாரியில் வாடை திரும்பிவிட்டதாகவும், மண்டிக்காரர்கள் வாசலோடு பேசி அனுப்புவதாகவும் சொன்னான். முதல் தடவை வேலுச்சாமி அவனை உட்காரச் சொல்லவில்லை. இரண்டாம் தடவை உட்காரச் சொன்னான். மூன்றாம் தடவை மில்லில் ஆள் குறைப்பு என்ற பேச்சு கிளம்பியிருந்தது. பாதி லாரி உனக்கு, ஸ்டியரிங்கும் பழக்கித் தருகிறேன் என்றான் சிவனாண்டி. “ஒரு சீசன்தான் புள்ள, திராட்சை முடிஞ்சதும் எறங்கிருவோம்” என்றான் வேலுச்சாமி. டைனமோ என்ற சொல்லை அவன் பிறகு எப்போதும் சொன்னதில்லை.

அவர்கள் மூன்று பேரும் லாரியோடு ஓடினார்கள். சிவனாண்டி ஓட்டினால் வேலுச்சாமி நடுவில், வேலுச்சாமி ஓட்டினால் சிவனாண்டி நடுவில், மாடத்தி எப்போதும் கதவோரம். தாராவியில் யாருக்கும் இது இப்போது அதிசயமாகப் படவில்லை. லாரிக்காரர் வீடுகளிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்கள் சமையல் தெரியுமா என்று கேட்டபின், கை எப்படி, ஏதாவது எரியுமா என்றும் கேட்டுக்கொண்டார்கள். எரியாது என்று சொல்லப் பெண்ணைப் பெற்றவர்கள் கூச்சப்பட்டார்கள்.

1967 மழைக்காலத்தில் செம்பூர் நாக்காவில் டயர் மாற்ற நிறுத்தியபோது, ஜம்பு என்ற புது பாட்டரிக்காரன் ஆர்வத்தில் லாரிக்கு அடியில் புகுந்து பார்த்துவிட்டு, சட்டையெல்லாம் சேறாக வெளியே வந்தான்.

“இன்னாப்பா இது? வயர் முடியிற எடத்துல துருவ சுரண்டிட்டு ஒரு போல்ட்டப் போட்டா எர்த்து புடிச்சுக்கும். டீ ஆறதுக்குள்ள வேலை முடிஞ்சிரும். இதுக்கா ஒரு பொம்பளய இத்தினி வருசமா குந்த வச்சிருக்கீங்க?”

“என் கையால போட்ட லைட்டு. அதுல வேற கை படக்கூடாது” என்றான் சிவனாண்டி.

“அப்ப நீயே போடேன்.”

“போடுவோம், போடுவோம்.”

வேலுச்சாமி தன் டீயையே பார்த்துக்கொண்டிருந்தான். போல்ட்டு போட்டு விளக்கு எரியாமல் போனால் என்ன செய்வது என்று சிவனாண்டி அன்று வழியெல்லாம் பேசினான். எரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதை அவனும் சொல்லவில்லை, வேலுச்சாமியும் கேட்கவில்லை. அவ்வளவு சின்ன வேலை என்று மாடத்திக்குத் தெரிந்தது அன்றுதான்.

அவள் மாஹிமில் ஒரு இரும்புக்கடைக்குப் போய் ஜம்பு சொன்ன மாதிரி ஒரு போல்ட்டும் நட்டும், துருச் சுரண்ட ஒரு துண்டு உப்புத்தாளும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஆண்கள் இருவரும் தூங்கிய ஒரு மத்தியானம், லாரிக்கு அடியில் தானே படுத்துத் துருவைச் சுரண்டி, போல்ட்டைத் தானே முறுக்கினாள். முறுக்கும்வரை விளக்குகள் எரிந்தன. ஸ்பேனரை விட்டதும் அணைந்தன. எத்தனை முறை முறுக்கியும் அப்படியே. இரும்பு பிடித்திருக்கிறதா, தன் கைதான் பிடித்திருக்கிறதா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் முறுக்கினால் அது அவள் கையாகவே இருந்தது. வேறொரு கை முறுக்க வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது. போல்ட்டைக் கழற்றி மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஜம்புவைத் தேடிப் போனாள். அவன் சொந்த ஊரான ஆம்பூருக்கே திரும்பிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மற்ற மிஸ்திரிகள் சிவனாண்டியின் வாய்க்குப் பயந்து வரமாட்டோம் என்றார்கள்.

1968 தை மாதம், சாயங்காலம், முலுண்ட் சுங்க நாக்காவில் நகருக்குள் நுழைய லாரிகள் வரிசையாக நின்றன. முன்னால் இருந்த வண்டி எஞ்சினை அணைத்துவிட்டு அதன் டிரைவர் பீடி பற்ற வைத்தான். சிவனாண்டி ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். நடுவில் வேலுச்சாமி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். வெளியே சிவப்பும் பச்சையும் மஞ்சளும் நிதானமாக எரிந்தன. நாக்கா சிப்பாய் வழக்கம்போல மாடத்தியைப் பார்த்து, “க்யா பாயி, டீக் ஹை?” என்று நலம் கேட்டுவிட்டுப் போனான். மாடத்தி வலது கையாலும் பல்லாலும் முந்தானை முடிச்சை அவிழ்த்து, போல்ட்டையும் நட்டையும் உப்புத்தாளையும் இரண்டு பேருக்கும் முன்னால் எடுத்து வைத்தாள். சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பேனரை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

“லைன் நகர இன்னும் நேரம் கெடக்கு” என்றாள். “ரெண்டு பேருல யாராச்சும் ஒருத்தர் எறங்கி, இத ஒரு முறுக்கு முறுக்கிட்டு வாங்களேன்.”