தண்ணீரில் கரையாத சிமெண்ட்

மருமகள் ஒட்டிய மூன்றாவது பல் கேப்பும் கழன்று வந்துவிட்டது.

“உன் கை சரியில்லம்மா,” என்றார் மாமனார். பல் ஆஸ்பத்திரி அவருடையது. “நாளையிலேர்ந்து உன் நாற்காலில சின்னவன் உக்காரட்டும். நீ வாசல்ல டோக்கன் குடு.”

பல் வைத்தியம் படித்தவள் டோக்கன் கிழிப்பதா? மருமகளுக்குக் காது சூடேறியது.

“கை இல்ல மாமா. கேப்பை ஒட்டுற உங்க சிமெண்ட்டு.” கழன்ற கேப்பைக் கவிழ்த்துக் காட்டினாள். உள்ளே சிமெண்ட் கெட்டியாகத்தான் இருந்தது. ஈறை ஒட்டிய விளிம்பு மட்டும் எலி கொறித்ததுபோல் அரித்துப் போயிருந்தது.

மாமனார் அசரவில்லை. மேசைமேல் இருந்த டம்ளரைத் தட்டினார். அதே சிமெண்டில் செய்த வில்லை ஒன்று போன வருஷத்திலிருந்து அதில் ஊறுகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமையடிப்பார்.

“தண்ணியிலேயே கெடக்கு. ஒரு மண்ணும் ஆகல.”

“வாய்ல இருக்கிறது வெறும் தண்ணியா மாமா?”

இன்னொரு டம்ளரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். தயிரிலிருந்து வடித்த புளித்த நீர். அதிலும் ஒரு வில்லை, போன வாரம் அவள் போட்டது. வெளியே எடுத்து நகத்தால் கீறினாள். சுண்ணாம்பாக உதிர்ந்தது.

“பல்லுல ஒட்டுற சாப்பாட்டைத் தின்னுட்டு கிருமி விடுறதும் தயிர்ல இருக்கிற இதே ஆசிட்தான்.”

“சப்பை ஆசிட். கையில ஊத்தினாக்கூட எரியாது.”

“சப்பைதான். ஆனா எழுந்து போகாது. அங்கேயே உக்காந்து தின்னும்.”

கொழுந்தன் சிரித்தான். சின்னவன் அவன்தான், அவனும் பல் டாக்டர். “அண்ணி, அப்பாவுக்குக் கேப் போட்டது நான். இதே சிமெண்ட்டு. பாறை மாதிரி நிக்குது. கை வேணும் அண்ணி, கை.”

மாமனார் பெருமையாகக் கன்னத்தைத் தடவினார். அந்தக் கன்னத்துக்குள் வழக்கம்போல ஓர் எலுமிச்சை மிட்டாய் உருண்டுகொண்டிருந்தது.

அவள் அதைப் பார்த்தாள்.

“பரிசோதிச்சிரலாமா மாமா? உங்க கேப் நின்னா நான் டோக்கன் குடுக்கிறேன். கழண்டா நாற்காலி என்னுது, சிமெண்ட்டும் நான் சொல்றதுதான்.”

“தாராளமா.” மிட்டாயைத் துப்பிவிட்டுச் சாய்ந்தார்.

பல்லைச் சோதிக்கும் கொக்கியை ஈறோரம் வைத்தாள். அழுத்தக்கூட இல்லை, வெண்ணெயில் போவதுபோல் உள்ளே போனது. லேசாக நெம்பினாள். கேப் அவள் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

கொழுந்தன் சுவரில் எதையோ தீவிரமாகப் பார்க்க ஆரம்பித்தான்.

மாமனார் நாக்கால் மொட்டைப் பல்லைத் துழாவினார். “இதை இப்ப யாரு ஒட்டுறது?”

“நான்தான். அந்தப் பழைய டப்பா எல்லாம் குப்பைக்குப் போகட்டும், புதுசு வரட்டும்.”

“அதுவரைக்கும் நான் என்ன பண்றது?”

அவள் கையுறையைக் கழற்றினாள்.

“வாசல்ல உக்காருங்க மாமா. டோக்கன் குடுங்க.”