பார்க்கும்போது மட்டும் ஓடும் விசிறி

"மறுபடி அணைச்சுப் போடுங்க அண்ணி."

அண்ணி சுவிட்சைத் தட்டினாள். மேசைமேல் இருந்தது குறைமாதக் குழந்தைகளை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி. திரை ஒளிர்ந்தது. ஹீட்டர் சூடேறியது. விசிறி அசையவில்லை.

"போச்சு," என்றான் கொழுந்தன். பெட்டிக்குள் ஓடும் புரோகிராம் அவன் எழுதியது. சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டியவள் அண்ணி. இதே மாதிரிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கீழே வண்டி நின்றிருந்தது.

மேனேஜர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்னம்மா, டிரைவர் ஹாரன் அடிச்சே காதைக் கிழிக்கிறான். ஆஸ்பத்திரிக்காரங்க வேற நச்சரிக்கிறாங்க."

"விசிறி நின்னு ஹீட்டர் மட்டும் ஓடினா உள்ள இருக்கிற குழந்தை என்ன ஆகும் சார்?"

"எப்பவும் நிக்குதா?"

"எப்பவாவதுதான். அதான் பயமே."

கொழுந்தன் தன் கணினியை இணைத்து, புரோகிராமின் ஒவ்வோர் அடியையும் காட்டும் டீபக்கருக்குள் ஓட்டினான். விசிறி சுழன்றது. திரும்பத் திரும்ப ஓட்டினான். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"பாத்தீங்களா, நான் பெத்த புரோகிராம் எவ்வளவு சமத்து! வயர் லூசா இருந்திருக்கும். கையெழுத்துப் போடுங்க."

"நீ பாத்தா சமத்து, முதுகைக் காட்டினா அடாவடி. உன் பையன் கெட்டான் போ."

"அவனைக் கெடுத்ததே நீங்கதான் அண்ணி."

"இரு, இரு. டீபக்கர் போட்டா என்ன மாறுது?"

"ஒண்ணும் மாறாதே. இடத்தைக் கலைச்சுப் போடறதை மட்டும் நிறுத்திடும்…" சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று திரைப் பக்கம் திரும்பினான்.

புரோகிராமின் பகுதிகளை ஒவ்வொரு முறையும் நினைவகத்தில் வெவ்வேறு இடங்களில் உட்கார வைப்பது இயங்குதளத்தின் வழக்கம். வெளியாள் எளிதில் ஊடுருவக் கூடாது என்பதற்காக. டீபக்கருக்குள் மட்டும் எல்லாம் எப்போதும் அதே இடத்தில்.

"கலைக்க விடுடா."

விட்டான். சுழன்றது. மறுபடி சுழன்றது. அடுத்த முறை நின்றது. யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று காட்டும் நினைவக வரைபடத்தை அண்ணி திறந்தாள்.

"விசிறியை ஓட்டற பகுதி மேலேயே அலாரம் அடிக்கிற பகுதி ஏறி உக்காந்திருக்கு. இந்த இடத்தை அதுக்கு யார் குடுத்தது?"

"நான்தான். எப்பவும் ஒரே இடத்துல இருந்தா தப்பு தேடச் சுலபமா இருக்கும்னு…"

"காலியா இருக்கான்னு கேட்டியா?"

"கட்டாயம் அங்கதான்னு போட்டுட்டேன் அண்ணி. அப்படிப் போட்டா இருக்கறதை அழிச்சுட்டு உக்கார வெச்சிடும். எர்ரர்கூட வராது."

மேனேஜர் பேனாவை நீட்டினார். "இப்ப அனுப்பிடலாம். அடுத்த வாரம் ஆள் போய்ச் சரிபண்ணட்டும்."

அண்ணி கையை நீட்டவில்லை. கீழே எஞ்சின் உறுமியது.

"டேய், வண்டி கிளம்புது!"

கொழுந்தன் அதற்குள் படிக்கட்டில் இருந்தான். உறுமல் அடங்கியது. மூச்சிரைக்கத் திரும்பி வந்து, வண்டிச் சாவியை மேனேஜர் முன் வைத்தான். "என்னை அப்புறம் திட்டுங்க சார்."

அந்த ஒரு வரியைத் திருத்தினான். இனி அலாரத்துக்குக் காலியிடம் பார்ப்பது இயங்குதளத்தின் பாடு. அண்ணி டீபக்கர் வயரைப் பிடுங்கிவிட்டுச் சுவிட்சைப் போட்டாள். விசிறி சுழன்றது.

"அப்பாடா," என்றார் மேனேஜர்.

"என்ன அப்பாடா? சாயங்காலம் வரைக்கும் இதே வேலைதான். டேய், அணைச்சுப் போடு."